யார் படிக்கிறார்கள் இந்தப் படிவங்களை?

அரசுப் பணத்தில் ஆராய்ச்சி, கம்பெனி கையில் உரிமம், நடுவில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் அந்தக் கணக்கு பூட்டிக் கிடக்கிறது. இந்தியாவில் திறந்திருந்ததை நாமே மூடிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஆகஸ்ட் 8-ம் தேதி அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஆலன் கார்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து ஹார்வர்டு எடுத்த காப்புரிமைகள் எவை, ஒவ்வொன்றும் எப்படிப் பயன்படுகிறது, உரிம ஒப்பந்தங்களில் ‘அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, செப்டம்பர் 5-க்குள் பட்டியல் வர வேண்டும் என்று கெடு வைத்தார். சட்டப்படி சொல்ல வேண்டியதை ஹார்வர்டு சொல்லவில்லை, ஆகவே காப்புரிமைகளையே அரசு எடுத்துக்கொள்ளலாம் என்பது கடிதத்தின் சாரம்.

ஹார்வர்டிடம் 2024 நடுவில் இருந்தவை 5,800-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 650-க்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு 900-க்கும் மேற்பட்ட உரிம ஒப்பந்தங்கள். சட்டத்தை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறோம், இது இன்னொரு பழிவாங்கும் முயற்சி என்று பதில் சொன்னது பல்கலைக்கழகம். அதே ஆண்டு ஏப்ரலில் டிரம்ப் அரசு ஹார்வர்டுக்கான 220 கோடி டாலர் நிதியை முடக்கியிருந்ததையும், அது செல்லாது என்று செப்டம்பர் 3-ல் நீதிபதி ஆலிசன் பரோஸ் தீர்ப்பளித்ததையும் சேர்த்துப் பார்த்தால் ‘பழிவாங்கல்’ என்ற சொல் மிகையாகத் தெரியவில்லை.

அரசியலை ஒதுக்கிவிட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமைச்சர் கேட்ட விவரங்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 45 ஆண்டுகளாக இருக்கும் சட்டம். அதற்கென்றே ‘ஐ-எடிசன்’ என்ற இணையப் பதிவேடு இருக்கிறது. 2022-லிருந்து அதை நடத்துவது ‘நிஸ்ட்’ எனப்படும் தேசியத் தரநிர்ணய நிறுவனம். அது எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது தெரியுமா? வணிகத் துறையின் கீழ். அதாவது லுட்னிக்கின் சொந்தத் துறை!

ஒன்று, பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்திருக்காது. அல்லது, எழுதிக் கொடுத்ததை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மாற்றுச்சாவி

1970-கள் வரை அமெரிக்காவில் அரசு பணம் கொடுத்த ஆராய்ச்சியில் கிடைக்கும் காப்புரிமை பொதுவாக அரசுக்கே சேரும். துறைக்குத் துறை விதி மாறும். அரசின் அலமாரியில் சுமார் 28,000 காப்புரிமைகள் தூங்குகின்றன, 5 சதவீதத்துக்கும் குறைவானவையே உரிமம் பெற்றுத் தொழிலுக்குப் போயிருக்கின்றன என்று அப்போது ஒரு கணக்கு சொன்னார்கள். இன்றுவரை எல்லாரும் சொல்லும் கணக்கு அது. அதில் பெரும்பகுதி ராணுவ ஒப்பந்தங்களில் பிறந்தவை, ஒப்பந்ததாரர்களே வைத்துக்கொள்ள வழியிருந்தும் வேண்டாமென்று விட்டுப்போனவை என்று சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஐசன்பர்க் பின்னாளில் எடுத்துக்காட்டினார். அதற்குள் இந்த நிலையை மாற்றிய சட்டம் வந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

இண்டியானா செனட்டர் பிர்ச் பை, கான்சாஸ் செனட்டர் ராபர்ட் டோல் ஆகியோரின் பெயரால் ‘பை-டோல் சட்டம்’ என்று அழைக்கப்படும் அது, 1980 டிசம்பர் 12-ல் ஜிம்மி கார்ட்டரின் கையெழுத்தைப் பெற்றது. கார்ட்டர் அதற்கு முந்தைய மாதம்தான் தேர்தலில் தோற்றிருந்தார். பையும் அதே தேர்தலில் தோற்றவர். பதவியிலிருந்து இறங்கும் இரண்டு பேரின் கைவண்ணத்தில் வந்த சட்டம், பல்கலைக்கழகத்துக்கும் தொழில் துறைக்கும் இருந்த உறவையே திருப்பிப்போட்டது.

அரசு நிதியில் கண்டுபிடித்தாலும் காப்புரிமையைப் பல்கலைக்கழகமோ சிறு நிறுவனமோ வைத்துக்கொள்ளலாம். விரும்பிய கம்பெனிக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கலாம். 1983-ல் ரீகன் ஒரு குறிப்பாணையால் இந்தச் சலுகையைப் பெரிய நிறுவனங்களுக்கும் நீட்டினார். வீட்டை எழுதிக் கொடுத்த அரசு, மாற்றுச்சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ‘மார்ச்-இன்’ உரிமை என்று அதற்குப் பெயர். கண்டுபிடிப்பு மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அரசே உள்ளே புகுந்து வேறொருவருக்கு உரிமம் கொடுக்கலாம்.

சாவியை எப்போது எடுப்பது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். படிவங்கள் வந்தது இதற்காகத்தான். விஞ்ஞானி தன் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிடம் கண்டுபிடிப்பை எழுதிக் கொடுத்த இரண்டு மாதத்துக்குள் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையை வைத்துக்கொள்ளப்போகிறோமா என்பதை இரண்டு ஆண்டுக்குள் சொல்ல வேண்டும். காப்புரிமை விண்ணப்பத்திலேயே ‘இது அரசு நிதியில் பிறந்தது’ என்ற வரி இருக்க வேண்டும். அதன் பிறகு அரசு கேட்கும்போதெல்லாம், நடைமுறையில் ஆண்டுக்கொரு முறை, பயன்பாட்டு அறிக்கை தர வேண்டும்: யாருக்கு உரிமம், விற்பனை தொடங்கிவிட்டதா, ராயல்டி எவ்வளவு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. இந்தப் பயன்பாட்டு அறிக்கைகள் ரகசியம். அரசு அதிகாரி பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டாலும் பொதுமக்களுக்குக் கிடைக்காது. வரி கட்டியவருக்குக் கணக்குச் சொல்வதற்காகக் கேட்கப்படும் அறிக்கை, வரி கட்டியவர் கண்ணில் மட்டும் படக் கூடாது!

சின்ன மீனுக்கு மட்டும் வலை

படிவம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அறிய கேம்ப்பெல் பிளாஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் கதையைப் படிக்க வேண்டும். 1992-ல் அமெரிக்க ராணுவத்துக்கு நச்சுவாயு முகமூடி செய்துதரும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. முகமூடியின் பாகங்களை ஒலி அதிர்வால் பற்றவைக்கும் ஒரு முறையை அது கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கியது. வரைபடங்களாகவும் முன்னேற்ற அறிக்கைகளாகவும் ராணுவத்துக்கு விவரங்கள் போயிருந்தன. ஆனால் இதற்கென்று உள்ள ‘டி.டி. 882’ படிவத்தில் அந்தக் கண்டுபிடிப்பு ஏறவில்லை. துண்டு துண்டாகச் சொன்னது செல்லாது, உரிய படிவத்தில் முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றது ராணுவம். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. காப்புரிமை அரசுக்குப் போனது.

இந்தக் கறார் எல்லா இடத்திலும் இருந்ததா? 1999-லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், பல்கலைக்கழகங்களும் ஒப்பந்ததாரர்களும் கண்டுபிடிப்புகளை ஒழுங்காகத் தெரிவிப்பதில்லை, அரசுப் பதிவேடுகளும் நம்பும்படி இல்லை என்று எழுதிவைத்தது. 2020-ல், கொரோனா தடுப்பூசிக்கு உலகமே காத்திருந்தபோது, ‘நாலெட்ஜ் ஈகாலஜி இன்டர்நேஷனல்’ என்ற தன்னார்வ அமைப்பு மாடர்னாவின் காப்புரிமை ஆவணங்களைத் தோண்டியது. ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்பா 2013-ல் மாடர்னாவுக்கு 2.5 கோடி டாலர் வரை நிதி ஒதுக்கியிருந்தது. ஆவணங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று அந்த அமைப்பு புகார் செய்தது. விசாரிக்கிறோம் என்றது டார்பா. கேம்ப்பெலுக்கு நடந்தது மாடர்னாவுக்கு நடக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தது அதிகாரிகள் இல்லை, வெளியாட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காப்புரிமை ஆவணம் யாரும் படிக்கக்கூடியது என்பதால்தான் அவர்களால் முடிந்தது. பூட்டிக் கிடக்கும் பயன்பாட்டு அறிக்கைகளில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியே கிடையாது.

மாற்றுச்சாவியின் கதி இன்னும் மோசம். 1980-லிருந்து அதை ஒருமுறைகூட எடுத்ததில்லை. 2003 டிசம்பரில் அபட் நிறுவனம் எய்ட்ஸ் மருந்தான நார்விரின் விலையை ஒரேயடியாக 400 சதவீதம் ஏற்றியபோதும் எடுக்கவில்லை. 2009-ல் ஃபேப்ரசைம் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, நோயாளிகளுக்குப் பாதி அளவுகூடக் கிடைக்காமல் போனபோதும் எடுக்கவில்லை.

சென்று திரும்பிய மாத்திரை

எல்லாவற்றிலும் பெரிய சோதனை எக்ஸ்டாண்டி. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான மாத்திரை. கண்டுபிடித்தது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பணம் தேசியச் சுகாதார நிறுவனங்களும் ராணுவமும் கொடுத்தது. உரிமம் மெடிவேஷன் என்ற கம்பெனிக்கும், அதன் வழியாக ஜப்பானின் அஸ்டெல்லாஸுக்கும் போனது. 2016-ல் மெடிவேஷனை ஃபைசர் சுமார் 1,400 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு, இனி வரப்போகும் ராயல்டியை 114 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பங்கு மட்டும் 52 கோடி டாலர். அமெரிக்க நோயாளிக்கு ஓராண்டு மாத்திரையின் பட்டியல் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

வரிப்பணத்தில் பிறந்த மருந்துக்கு மற்ற பணக்கார நாடுகளைவிட நாங்கள் ஏன் பல மடங்கு கொடுக்க வேண்டும் என்று நோயாளிகளே மனுப் போட்டார்கள். 2016-ல் ஒருமுறை நிராகரிப்பு. 2023 மார்ச்சில் மறுபடியும் நிராகரிப்பு. மருந்து கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, அது போதும் என்பது அரசின் வாதம். வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறதா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. பிறகு அதே ஆண்டு டிசம்பரில், விலையையும் கணக்கில் எடுக்கலாம் என்று பைடன் அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அது வரைவாகவே நின்றுபோனது.

இந்த மாத்திரைக்கு ஓர் இந்தியக் கிளைக்கதை உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இங்கேயும் காப்புரிமை கேட்டது. இந்திய மருந்து நிறுவனங்கள் எதிர்த்தன. 2016 நவம்பரில் டெல்லி காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பல்கலைக்கழகம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அரசுப் பணத்தில் இயங்கும் ஒரு பல்கலைக்கழகம், ஏழை நாட்டு நோயாளிகளுக்கு எதிராக ஏன் வழக்காடுகிறது என்று அதன் மாணவர்களே கேட்டார்கள்.

தூங்கிய விதி எழுந்தபோது

படிக்கப்படாத படிவத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். அமெரிக்காவின் இன்னொரு விதி இதற்கு விடை வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 2,50,000 டாலரோ அதற்கு மேலோ அன்பளிப்பாகவும் ஒப்பந்தமாகவும் வந்தால் பல்கலைக்கழகம் கல்வித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1986-ல் வந்த ‘117-வது பிரிவு’. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019-ல் சீன அச்சம் உச்சத்துக்கு வந்தபோது விதி திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. ஹார்வர்டு, யேல், எம்.ஐ.டி. என்று வரிசையாக விசாரணை. அதுவரை தெரிவிக்கப்படாத 650 கோடி டாலர் வெளியே வந்தது என்று 2020-ல் கல்வித் துறை அறிவித்தது.

அதே காலத்தில் நீதித் துறையின் ‘சீன முன்னெடுப்பு’ தனித்தனிப் பேராசிரியர்களை நோக்கித் திரும்பியது. ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவர் சார்லஸ் லீபர், வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இருந்த ஒப்பந்தத்தை மறைத்துப் பொய் சொன்னதாக 2020 ஜனவரியில் கைதாகி, அடுத்த ஆண்டு டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவர் விஷயத்தில் மறைப்பு உண்மை. ஆனால் டென்னசி பல்கலைக்கழகத்தின் அன்மிங் ஹூவை நீதிமன்றம் விடுவித்தது. எம்.ஐ.டி.யின் காங் சென் மீதான வழக்கை அரசே கைவிட்டது. 2022 பிப்ரவரியில் முன்னெடுப்பையே மூடினார்கள். எதைத் தெரிவிக்க வேண்டும், எதை வேண்டாம் என்று முப்பது ஆண்டுகளாகத் தெளிவாகச் சொல்லாத ஒரு முறை, ஒருநாள் காலையில் குற்றப்பத்திரிகையாக மாறியதில் சிக்கியவர்களில் பலர் சீன வம்சாவளியினர்.

லுட்னிக்கின் கடிதமும் இந்தப் பாதையில்தான் வருகிறது. 2018-ல் பை-டோல் விதிகளில் சத்தமில்லாமல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதற்கு முன், நிறுவனம் ஒரு கண்டுபிடிப்பைத் தெரிவிக்கத் தவறியது அரசுக்குத் தெரியவந்தால், 60 நாளுக்குள் உரிமை கோர வேண்டும். இல்லாவிட்டால் கோர முடியாது. அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய தவறு எதையும் எப்போது வேண்டுமானாலும் கிளறலாம். நாற்பது ஆண்டு படிவங்களில் விடுபடல் இல்லாத பல்கலைக்கழகம் எது?

நம்முடைய படிவம்

2008 டிசம்பரில் பை-டோலின் இந்திய வடிவம் மாநிலங்களவையில் அறிமுகமானது. பொது நிதியில் உருவாகும் அறிவுசார் சொத்துகளைப் பாதுகாப்பதற்கும் பயன்படுத்துவதற்குமான மசோதா. விஞ்ஞானி உடனே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், நிறுவனம் 60 நாளில் அரசுக்குச் சொல்ல வேண்டும். கடுமையான எதிர்ப்பு வந்தது. நிலைக்குழுவுக்குப் போய், கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. அதன் கூறுகளில் பாதி அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து எழுதியவை என்பதால் அதற்காக நான் வருந்தவில்லை.

நம்மிடம் அதைவிட நல்ல ஒன்று ஏற்கெனவே இருந்தது. படிவம் 27. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி, காப்புரிமை வைத்திருப்பவர் எவரானாலும், பல்கலைக்கழகமோ பன்னாட்டு கம்பெனியோ, அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டியிருந்தது. எவ்வளவு தயாரித்தோம், எவ்வளவு இறக்குமதி செய்தோம், யாருக்கு உரிமம் கொடுத்தோம் எல்லாம் அதில் வந்தன. அமெரிக்காவில் ரகசியமாக இருப்பது இங்கே காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே கிடைத்தது.

அதன் பலனை 2012 மார்ச்சில் பார்த்தோம். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான நெக்ஸாவர் மருந்தை பேயர் நிறுவனம் ஒரு மாதத்துக்கு ரூ. 2,80,428-க்கு விற்றுவந்தது. மருந்து இந்திய நோயாளிகளில் மிகச் சிலருக்கே போய்ச் சேருகிறது என்பதற்கு பேயரே தாக்கல் செய்த படிவம் 27 சாட்சியானது. காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். மாத விலை ரூ. 8,880 ஆனது. உச்ச நீதிமன்றம் வரை போயும் பேயரால் மாற்ற முடியவில்லை.

ஒரு படிவம் இப்படி வேலை செய்யும் என்று நிரூபணமான பிறகு என்ன நடந்தது? பெரும்பாலானோர் படிவத்தை அரைகுறையாக நிரப்புகிறார்கள், பலர் கொடுப்பதே இல்லை, அலுவலகம் யாரையும் தண்டிப்பதில்லை என்று சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் ஆய்ந்து எழுதினார். 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். படிவத்தைச் சீர்செய்வதாக 2018-ல் அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சீர் வந்தது, வேறு திசையில். 2019-ல் பஷீர் காலமானார். 2020-ல் வந்த புதிய படிவத்தில் உரிமம் பெற்றவர்கள் யார் என்ற கேள்வியும், எத்தனை அலகு தயாரித்தோம் என்ற கேள்வியும் காணாமல்போயின. தோராயமான வருவாய் மட்டும் மிஞ்சியது.

2024 மார்ச் 10-ல் சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. காப்புரிமைப் பயன்பாட்டு அறிக்கையை மூன்று ஆண்டுக்குக் குறைவான இடைவெளியில் கேட்கக் கூடாது என்று அதில் ஓர் அம்சம். சுவிட்சர்லாந்து பெரிய மருந்து கம்பெனிகளின் தாய்நாடு என்பது தெரிந்ததே. ஐந்து நாள் கழித்து, மார்ச் 15-ல், புதிய காப்புரிமை விதிகள் வந்தன. படிவம் 27 இனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. வருவாய் விவரமும் தேவையில்லை. பயன்பாட்டில் உள்ளது, இல்லை என்று ஒரு டிக்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்றை மட்டும் ஏற்கலாம். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான காப்புரிமைகளுக்குத் தனித்தனியே படிவம் நிரப்புவது கல்வி நிறுவனங்களுக்குச் சுமைதான். நிதி முகமைகளுக்கு அனுப்ப வேண்டிய யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், வாங்கக் கணக்குப் பிரிவுக்கும் தணிக்கையாளருக்கும் இடையே நடந்து ஓய்ந்த எந்தப் பேராசிரியரையும் கேளுங்கள், சொல்வார். அந்த யூ.சி. கேட்பது ரூபாய்க்கான கணக்கை. கண்டுபிடிப்புக்கான கணக்கைக் கேட்ட ஒரே பொதுப் படிவம், படிவம் 27 தான். சுமையைக் குறைக்க இடைவெளியை நீட்டினால் போதும். கேள்விகளை அழித்ததற்கு அது காரணமாகாது.

வர்த்தக ரகசியம் என்ற வாதமும் அப்படியே. ஒரு ஸ்டார்ட்அப் என்ன ராயல்டி கொடுக்கிறது என்பது ரகசியமாக இருக்கட்டும். அதற்கு உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே ரகசியமா? தரமணியில் 2010-ல் திறந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் வாடகைக்கு வரும் நிறுவனம், ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து என்ன ஆராய்ச்சி செய்கிறது, எத்தனை மாணவர்களுக்கு வேலைப்பயிற்சி தருகிறது என்பதை ‘கிரெடிட்’ கணக்காகக் காட்ட வேண்டும். கம்பெனிகள் அதற்குச் சம்மதித்துத்தான் உள்ளே வருகின்றன.

இப்போது இது அவசரமான விஷயமாகிவிட்டது. 2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். தரவரிசைப் பட்டியலில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகள் உட்பட நாடெங்கும் விண்ணப்பங்கள் குவிகின்றன. இன்னொரு பக்கம், தனியார் துறை ஆராய்ச்சிக்கென ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பொதுப் பணம் இவ்வளவு பெரிய அளவில் கம்பெனிகளின் ஆய்வகங்களுக்குப் போகும் காலத்தில், அதில் பிறந்தது என்ன ஆயிற்று என்று கேட்கும் படிவத்தின் வாயை அடைத்திருக்கிறோம்.

புதிய விதிப்படி, 2022-23 நிதியாண்டில் வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கான முதல் மூன்றாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் 2026 செப்டம்பர் 30. ‘இல்லை’ என்ற கட்டத்தில் எத்தனை டிக் விழுந்திருக்கிறது என்று அப்போது எண்ணிப் பார்க்கலாம். மருந்து எத்தனை பேருக்குப் போனது, என்ன மதிப்புக்கு விற்றது, யாரிடம் உரிமம் இருக்கிறது என்பதை அந்தப் படிவத்திலிருந்து இனி எந்த நோயாளியும், எந்த நாட்கோவும் தெரிந்துகொள்ள முடியாது.